வீட்டிலேயே பாஸ் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின் பாஸ் கிட்டாரைக் கையாலேயே செய்யத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகளை வேலை நடக்கும் வரிசையில் அடுக்கியிருக்கிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), உடலோடு கழுத்தைத் திருகால் பிணைக்கும் வகைக்குப் பொருந்தும்.

கேள்வி: மரம் வாங்கியாயிற்று. பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்குவது), பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றுவது), டியூனர் (சுருதி முறுக்காணி) எல்லாவற்றையும் உடலை வெட்டி முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். எல்லாப் பாகங்களும் மேசைக்கு வந்த பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு பிரிட்ஜுகளின் உயரம் 3 மி.மீ. வேறுபடும். டியூனருக்குத் துளை 14 மி.மீ. வேண்டுமா, 17.5 மி.மீ. வேண்டுமா என்பது டியூனரைக் கையில் வைத்து அளந்தால்தான் தெரியும். டிரஸ் ராடின் (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) அகலமும் ஆழமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பெரும்பாலான இருதிசை ராடுகள் 6 மி.மீ. அகலம், 9 மி.மீ. ஆழத்தில் அடங்கும். உங்களுடையது அடங்குமா என்பதை வெர்னியர் காலிப்பர்தான் சொல்ல வேண்டும்.

பாகங்கள் வந்ததும் உண்மை அளவில் வரைபடம் போடுங்கள். முதலில் நடுக்கோடு. அதன்மேல் நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) நிற்கும் கோடு, அங்கிருந்து 863.6 மி.மீ. தள்ளிப் பிரிட்ஜ் கோடு. இரு கோடுகளிலும் கம்பிகள் நிற்கும் இடத்தைக் குறித்து, இரு ஓரங்களில் நிற்கும் தடித்த E கம்பியையும் மெல்லிய G கம்பியையும் நேர்கோடாக இழுங்கள். கழுத்தின் அகலம், பிக்கப்பின் நீளம், உடலின் வளைவு எல்லாம் இந்த இரண்டு கம்பிக்கோடுகளிலிருந்து பிறக்க வேண்டும். அழகான உடல் வடிவத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் கம்பிகளைத் திணிப்பவர்களுக்குத்தான் கடைசியில் G கம்பி விரல்பலகையின் விளிம்பில் வழுக்கி விழுகிறது.

மேலிருந்து பார்க்கும் படம் மட்டும் போதாது, பக்கவாட்டுப் படமும் கட்டாயம் வேண்டும். ஒரு கணக்கு பாருங்கள். கழுத்தின் அடிப்பகுதி விரல்பலகையோடு சேர்ந்து 25 மி.மீ., உடலில் அது உட்காரும் குழி 16 மி.மீ. என்றால், விரல்பலகை உடலுக்கு மேல் 9 மி.மீ. நிற்கும். அதோடு ஃபிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) உயரம் 1.2 மி.மீ. 12-ஆம் ஃபிரெட்டில் கம்பி 2.2 மி.மீ. உயரத்தில் இருந்தால், பிரிட்ஜ் அருகே அந்த இடைவெளி இரட்டிப்பாகிக் கிட்டத்தட்ட 4.4 ஆகும். கூட்டினால் 14.6. ஆக, பிரிட்ஜின் சேடில் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் நகரும் துண்டு) உடலிலிருந்து சுமார் 14 முதல் 15 மி.மீ. உயரத்தில் கம்பியைத் தாங்க வேண்டும். அந்த உயரம் உங்கள் பிரிட்ஜின் ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் இப்போதே குழியின் ஆழத்தை மாற்றுங்கள். மரத்தை வெட்டிய பிறகு குழியை ஆழப்படுத்தலாம், மேடாக்க முடியாது.

கேள்வி: என் கை சிறியது. 30 அங்குல ஸ்கேலில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பாஸ் 1951-இல் 34 அங்குலத்தோடு வந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அதற்காக அதுதான் விதி என்றில்லை. 34 அங்குலத்தில் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 48.5 மி.மீ. தள்ளி விழும். 30 அங்குலத்தில் (762 மி.மீ.) அது 42.8 மி.மீ. விரல்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அதே கம்பியை அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை குறைந்து E கம்பி தொளதொளக்கும். சற்றுத் தடித்த கம்பி வாங்குங்கள், அதுவும் குறுகிய ஸ்கேலுக்கென்றே சுற்றப்பட்டதாக இருக்கட்டும். நீளக் கம்பியை வெட்டிக் கட்டினால் தடித்த சுற்றுப்பகுதி டியூனர் தண்டில் வளைந்து, சில வகைகளில் சுற்றே பிரிந்துவிடும்.

கேள்வி: உடலுக்கு எந்த மரம் சிறந்தது? ஒலி மரத்தைப் பொறுத்தது என்கிறார்களே?

பதில்: திட உடல் கொண்ட மின் பாஸில் ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பவை கம்பி, பிக்கப், அந்தப் பிக்கப் நிற்கும் இடம், வாசிப்பவரின் விரல். மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒலியை ஓரமாக வைத்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: எடை, உலர்வு, திருகைப் பிடிக்கும் பலம்.

எடைக்கு ஒரு கணக்கு. 45 மி.மீ. தடிமனுள்ள வழக்கமான பாஸ் உடலின் கன அளவு ஏறத்தாழ 5,000 கன செ.மீ. ஒரு கன செ.மீ.க்கு 0.45 கிராம் அடர்த்தியுள்ள ஆல்டர் என்றால் உடல் மட்டும் 2.3 கிலோ பக்கம். அடர்த்தி 0.65-க்குப் போனால் 3.3 கிலோவாகும். கழுத்தும் உலோகப் பாகங்களும் சேர்ந்தால் 5 கிலோவைத் தாண்டிவிடும், தோள் தாங்காது. முடிந்த பாஸ் 3.5 முதல் 4.2 கிலோவுக்குள் இருப்பது நலம்.

உலர்வு எடையைவிடவும் முக்கியம். ஈரப்பதம் 8 சதவீத அளவில் இருக்க வேண்டும். ஈரமானி இல்லையென்றால் பலகையை வேலை நடக்கும் அறையிலேயே காற்றோட்டமாக நிறுத்தி, வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை தொடர்ந்து மூன்று வாரம் மாறாமல் நின்றால் மரம் அந்த அறைக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். எடை இறங்கிக்கொண்டே இருக்கும் பலகையில் கை வைக்காதீர்கள். இன்று சரியாகப் பொருந்தும் கழுத்துக்குழி அடுத்த மாதம் பொருந்தாது.

தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரங்களில் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானவுடன் ஒட்டிவிடுங்கள். துடைத்துவிட்டு மறுநாள் ஒட்டினால் உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வந்திருக்கும்.

கேள்வி: கழுத்துக்கு ஒரே துண்டு மேப்பிள் போதுமா, பல பட்டைகளை ஒட்ட வேண்டுமா?

பதில்: நேரான இழை ஓட்டமுள்ள ஒரே துண்டு கிடைத்தால் போதும். ஆண்டு வளையங்கள் விரல்பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுத்த பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கு கம்பிகளும் சேர்ந்து 80 கிலோ எடைக்கு நிகராக இழுக்கின்றன. பலகையின் பக்கவாட்டில் இழை சாய்ந்து வெளியேறுவது தெரிந்தால் அதைக் கழுத்துக்கு எடுக்க வேண்டாம். நல்ல பலகை கிடைக்காதபோது மூன்று அல்லது ஐந்து பட்டைகளை, அடுத்தடுத்த பட்டைகளின் வளையங்கள் எதிரெதிரே சாயும்படி புரட்டி ஒட்டுங்கள். ஒன்று முறுக முயன்றால் மற்றது தடுக்கும்.

கேள்வி: ஃபிரெட் இடங்களை எப்படிக் கணக்கிடுவது? 17.817 என்ற எண்ணால் வகுக்கச் சொல்கிறார்கள். அப்படி ஒவ்வொன்றாகக் குறித்தேன். 12-ஆம் ஃபிரெட் நடுவில் வரவில்லை.

பதில்: எண் சரி, குறித்த முறைதான் தவறு. ஸ்கேல் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம், மீதி நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது என்று கணக்குப் போடலாம். ஆனால் மரத்தில் குறிக்கும்போது ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்த ஃபிரெட்டுக்கு அளந்து போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் அளவுகோலை நகர்த்துகையில் சேரும் 0.2 மி.மீ. பிழை, பன்னிரண்டாவதற்கு வருவதற்குள் 2 மி.மீ.க்கு மேல் வளர்ந்துவிடும். எல்லாத் தூரங்களையும் நட்டிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் எஃகு அளவுகோலை நட் கோட்டில் வைத்துப் பட்டைப்பிடியால் இறுக்கி, வேலை முடியும்வரை அதை அசைக்காமல் கூர்முனைக் கத்தியால் குறியுங்கள்.

சரிபார்க்கச் சில தூரங்கள், நட்டிலிருந்து மி.மீ.யில்: 1-ஆவது 48.47, 2-ஆவது 94.22, 3-ஆவது 137.40, 5-ஆவது 216.63, 7-ஆவது 287.22, 12-ஆவது 431.80, 20-ஆவது 591.58, 24-ஆவது 647.70. இவை ஒத்துவந்தால் மற்றவையும் சரியாக இருக்கும்.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்? அரை மி.மீ. தவறு முதல் ஃபிரெட்டில் ஏறத்தாழ 1 சென்ட், 12-ஆவதில் 2 சென்ட், 20-ஆவதில் 3 சென்ட் சுருதியை நகர்த்தும். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். மேலே போகப்போக அதே பிழை அதிகமாகக் காதில் விழும் என்பதால் கடைசி ஃபிரெட்டுகளில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். தாளில் அச்சிட்ட வரைபடத்தை ஒட்டி அறுப்பவர்கள், நட்டிலிருந்து 12-ஆவது வரை எஃகு அளவுகோலால் அளந்து 431.8 வருகிறதா என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள். அச்சு இயந்திரங்கள் நீளவாக்கில் சற்று இழுத்துவிடுவது சாதாரணம்.

கேள்வி: ஃபிரெட் பள்ளங்களை எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் அறுப்பது?

பதில்: அகலம் உங்கள் ஃபிரெட் கம்பியின் காலைப் பொறுத்தது. பரவலாகக் கிடைக்கும் கம்பிகளுக்கு 0.6 மி.மீ. பள்ளம் பொருந்தும். சாதாரண மர ரம்பம் 1 மி.மீ.க்கு மேல் அறுத்துவிடும், ஃபிரெட் நிற்காது. ஃபிரெட்டுக்கென்றே உள்ள ரம்பம் ஒன்றை வாங்கத்தான் வேண்டும். இந்த வேலையில் மாற்று தேடக் கூடாத கருவி அது.

ஆழத்தில் பலரும் சறுக்குவது வளைவை மறப்பதால். விரல்பலகை 6 மி.மீ. தடிமன், அடிப்பகுதியில் 62 மி.மீ. அகலம், 12 அங்குல ஆர வளைவு என்று வைத்துக்கொள்வோம். வளைவைத் தேய்த்து முடிக்கையில் விளிம்பில் 1.6 மி.மீ. மரம் போய்விடும். தட்டையான பலகையில் 2.5 மி.மீ. ஆழம் அறுத்திருந்தால் விளிம்பில் மிஞ்சுவது 0.9 மட்டும், அங்கே ஃபிரெட்டின் முனை தூக்கி நிற்கும். தட்டையாக இருக்கும்போதே 4 மி.மீ. அறுங்கள், அல்லது வளைவை முடித்த பிறகு பள்ளத்தின் ஆழத்தை மீண்டும் சரிசெய்யுங்கள். ரம்பத்தின் பக்கத்தில் ஒரு மெல்லிய மரச்சட்டத்தை ஒட்டிவைத்தால் அதுவே ஆழத்தடுப்பு.

கேள்வி: விரல்பலகையை ஒட்டி மறுநாள் கிளாம்பைக் கழற்றினால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கிறது. டிரஸ் ராடைத் தொடவே இல்லை. ஏன்?

பதில்: பசையில் இருந்த தண்ணீர்தான் காரணம். வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை நீர் கலந்தது. ஒட்டிய முகத்தில் மரம் நீரை உறிஞ்சி நீள்கிறது, மறுமுகம் அப்படியே நிற்கிறது. பசை அந்த நிலையிலேயே இறுகிவிடுகிறது. மெல்லிய விரல்பலகை கூடுதலாக உறிஞ்சுவதால் கழுத்து பின்பக்கமாக வளைந்துவிடும்.

அவசரப்பட்டு இழைக்காதீர்கள். நான்கைந்து நாட்கள் காற்றாட நிறுத்திவைத்தால் வளைவில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதன் பிறகும் மிஞ்சுவதைத்தான் விரல்பலகையை மட்டமாக்கும்போது தேய்த்து எடுக்க வேண்டும். அடுத்த முறை பசையை மெல்லிய படலமாக ஒரே முகத்தில் தடவுங்கள், கிளாம்பில் முழு 24 மணி நேரம் விடுங்கள். எபாக்சியில் நீர் இல்லை என்பதால் இந்தத் தொல்லையே வராது. நீளமான பாஸ் கழுத்துக்கு அதுவே எங்கள் தேர்வு. எந்தப் பசையானாலும் அது டிரஸ் ராட் பள்ளத்துக்குள் ஒழுகக் கூடாது. ராடின் மேல் ஒரு மெல்லிய ஒட்டுப்பட்டையை விரித்து, பசை தடவி முடித்து, பலகையை வைப்பதற்குச் சற்றுமுன் அதை உரித்துவிடுங்கள்.

ஒட்டும்போது பலகை வழுக்கி நகரும். முதல் ஃபிரெட் பள்ளத்திலும் கடைசி ஃபிரெட் பள்ளத்திலும் 1 மி.மீ. துளையிட்டு ஆணி இறக்கிக்கொண்டால் நகராது. பசை பிடித்ததும் ஆணியைப் பிடுங்கிவிடலாம், அந்தத் துளையை ஃபிரெட் மறைத்துவிடும்.

இன்னொரு காரணத்தையும் நினைவில் வையுங்கள். ஃபிரெட்டுகளை அடித்த பிறகு பின்வளைவு வந்தால் குற்றம் பசையில் இல்லை, பள்ளத்தில். பள்ளம் இறுக்கமாக இருந்தால் இருபது ஃபிரெட்டுகளும் இருபது ஆப்புகளாக நின்று கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும். ஃபிரெட்டைச் சுத்தியலால் பலமாக அடித்தால்தான் இறங்குகிறது என்ற நிலை வந்தாலே நிறுத்தி, பள்ளத்தை ஒரு இழை அகலப்படுத்துங்கள்.

கேள்வி: கழுத்தின் பின்புறத்தைச் செதுக்கும்போது டிரஸ் ராட் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கணக்கு கையில் இருந்தால் பயம் தேவையில்லை. முதல் ஃபிரெட் அருகே மொத்தத் தடிமன் 21 மி.மீ., விரல்பலகை 6, ராட் பள்ளம் 9 என்றால் அடியில் மிஞ்சும் மரம் 6 மி.மீ. அது போதும். 4 மி.மீ.க்குக் கீழே மட்டும் விடாதீர்கள். கழுத்து தலைப்பகுதியாக மாறும் வளைவில்தான் ஆபத்து. அங்கே மரம் திடீரென்று மெலியும், ராடைத் திருப்பும் வாய்க்காகப் பள்ளமும் அகலமாக இருக்கும். அங்கே மட்டும் கடைசிவரை அரத்தைத் தவிர்த்து உப்புத்தாளால் இறங்குங்கள்.

செதுக்குவதற்கு முறை இருக்கிறது. முதல் ஃபிரெட்டிலும் 12-ஆவதிலும் மட்டும் முழு வடிவத்தை அரத்தால் எடுங்கள்: முதலாவதில் 21, 12-ஆவதில் 23 மி.மீ. பிறகு நீண்ட நேர்க்கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் இரண்டுக்கும் நடுவில் உள்ளதை இணையுங்கள். விளக்கை ஓரத்தில் வைத்தால் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். ராட் பள்ளத்தைப் பொறுத்தவரை, பலகை இன்னும் நாற்சதுரமாக இருக்கும்போதே, விளிம்புகள் வழிகாட்டியாக நிற்கும்போதே அதை வெட்டிவிடுவது நல்லது.

கேள்வி: ரூட்டரால் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் இயந்திரம்) உடலின் விளிம்பை எடுக்கும்போது கொம்புப் பகுதியில் பெரிய சிம்பு பெயர்ந்துவிட்டது.

பதில்: கொம்பின் வளைவில் இழையின் முனை வெளியே தெரியும் இடங்கள் உண்டு. அங்கே ரூட்டர் பிட் இழைக்கு எதிராக ஓடினால் சிம்பைப் பிடுங்கியே தீரும். சில்லு கிடைத்தால் பசை போட்டு அதே இடத்தில் ஒட்டி இறுக்குங்கள், அரிதாகவே தெரியும்.

இனி வராமல் இருக்க, முதலில் ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. மட்டும் விட்டு அறுத்துவிடுங்கள். ரூட்டருக்கு மிஞ்சும் வேலை குறைந்தால் பிடுங்கும் பலமும் குறையும். 12 மி.மீ. எம்.டி.எஃப். அச்சுப்பலகையை மேலே ஒட்டி, பேரிங் வைத்த பிட்டால் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் படிப்படியாக இறங்குங்கள். கையில் பிடித்து ஓட்டும் ரூட்டரை உடலின் வெளிவிளிம்பில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். குழிகளுக்குள் கடிகாரத் திசையில். மாறினால் இயந்திரம் கையைவிட்டு ஓடப் பார்க்கும். கண்ணாடியும் மூக்குக்கவசமும் இல்லாமல் ரூட்டரைத் தொட வேண்டாம். ஈட்டி, கருங்காலித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும்.

கேள்வி: கழுத்தைத் திருகிய பிறகும் குழிக்கும் கழுத்துக்கும் நடுவில் தாள் நுழையும் இடைவெளி. திருகை எவ்வளவு இறுக்கினாலும் மூடவில்லை.

பதில்: உடலில் உள்ள துளைகள் சிறியவை. திருகின் மரை உடல் மரத்தையும் கழுத்து மரத்தையும் ஒரே சமயத்தில் கடித்தால் இரண்டும் நெருங்கவே நெருங்காது. 4.5 மி.மீ. திருகுக்கு உடலில் 5 மி.மீ. துளை, திருகு தடையில்லாமல் நழுவ வேண்டும். கழுத்தில் மட்டும் 3.2 மி.மீ. வழித்துளை. திருகில் மெழுகு தடவிக்கொள்ளுங்கள். கடின மேப்பிளில் உலர்ந்த திருகு தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடும்.

நீளத்தையும் பாருங்கள்: 45 மி.மீ. திருகு, 2 மி.மீ. உலோகத் தட்டையும் குழிக்கு அடியில் மிஞ்சும் 29 மி.மீ. மரத்தையும் தாண்டி 14 மி.மீ. கழுத்துக்குள் போகும். கழுத்தில் மேப்பிள் 19 மி.மீ. என்பதால் விரல்பலகையை எட்டாது. 50 மி.மீ. திருகு போட்டால் முனை விரல்பலகைக்கு அடியில் முட்டும்.

கேள்வி: பெல்ட்டில் மாட்டிக் கையை எடுத்தால் தலைப்பகுதி தரையை நோக்கிப் போகிறது.

பதில்: மேல்கொம்பு குட்டையாக இருக்கிறது. பெல்ட் பொத்தான் 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேராக வரும் அளவுக்குக் கொம்பு நீள வேண்டும். வரைபடத்திலேயே பார்க்க வேண்டிய விஷயம் இது. செய்து முடித்த கருவியில் எடை குறைந்த டியூனர்களை மாட்டுவதே நல்ல பலன் தரும் மாற்றம். தொங்கும் புள்ளியிலிருந்து அவை வெகு தொலைவில் இருப்பதால், அங்கே குறைக்கும் 100 கிராம்கூட வித்தியாசம் காட்டும். உடலில் ஈயத்தைப் பதித்துச் சமன் செய்யச் சிலர் சொல்வார்கள். தோளில் சுமையைக் கூட்டும் வைத்தியம் எங்களுக்கு உடன்பாடில்லை. சொரசொரப்பான தோல்பட்டை ஓரளவு பிடித்து நிறுத்தும்.

கேள்வி: பிரிட்ஜைச் சரியாக 863.6 மி.மீ.யில் திருகினேன். E கம்பி 12-ஆவதில் சுருதி ஏறியே கேட்கிறது. சேடிலைப் பின்னே தள்ள இடமில்லை.

பதில்: 863.6 என்பது கணக்கு நீளம். கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். தடித்த கம்பி விறைப்பானது, அதில் இன்னும் ஏறும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு கம்பிக்கும் நீளத்தைக் கூட்டித் தர வேண்டும். G-க்கு ஒன்றிரண்டு மி.மீ., E-க்கு 3 முதல் 5 மி.மீ. ஆகவே பிரிட்ஜை வைக்கும் முறை இது: G கம்பியின் சேடிலைக் கிட்டத்தட்ட முழுவதும் முன்னே தள்ளி, 2 மி.மீ. மட்டும் இருப்பு விட்டு, அந்த நிலையில் கம்பி தொடும் புள்ளி 863.6-இல் விழும்படி பிரிட்ஜை வையுங்கள். பின்னே செல்ல எல்லாச் சேடிலுக்கும் இடம் கிடைக்கும்.

துளையிடும் முன் E, G இரண்டு இடங்களிலும் நூல் கட்டி நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை இழுத்துப் பாருங்கள். விரல்பலகையின் இரு விளிம்புகளிலிருந்தும் நூல் சமதூரத்தில் ஓட வேண்டும். கழுத்து அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் நூல் காட்டிக்கொடுக்கும். உங்கள் பாஸில் இப்போது செய்ய முடிவது, பழைய துளைகளில் மரமுளை அடித்துப் பசையிட்டு மூடி, 4 மி.மீ. பின்னே புதிதாகத் துளையிடுவது. பெரும்பாலான பிரிட்ஜ் தகடுகள் பழைய துளையை மறைத்துவிடும்.

கேள்வி: நட்டில் நான்கு பள்ளங்களையும் சம தூரத்தில் எடுத்தேன். E-யும் A-யும் மட்டும் நெருக்கமாகத் தெரிகின்றன.

பதில்: நீங்கள் கம்பிகளின் நடுப்புள்ளிகளைச் சமமாக வைத்திருப்பீர்கள். விரல் உணர்வது கம்பிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை. அதைத்தான் சமமாக்க வேண்டும். 45-65-85-105 செட்டில் (எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) கம்பிகளின் விட்டம் 1.14, 1.65, 2.16, 2.67 மி.மீ., கூட்டினால் 7.62. நட் 42 மி.மீ., இரு ஓரத்திலும் 3.5 மி.மீ. விட்டால் 35 மிஞ்சும். அதிலிருந்து 7.62 போக 27.38, மூன்றால் வகுத்தால் ஒவ்வொரு இடைவெளியும் 9.13 மி.மீ. 38 மி.மீ. நட் என்றால் 7.79.

ஆழத்துக்கு, கம்பியை 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள். மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் சரி. ஒட்டிவிட்டால் ஆழம் மிகுந்துவிட்டது, நட்டை மாற்றுவதே நல்லது.

கேள்வி: இரண்டு பிக்கப்புகள், இரண்டு வால்யூம், ஒரு டோன். இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடிநாதமே காணாமல் போய் ஒலி தகரமாகிறது. தனித்தனியே இரண்டும் நன்றாக இருக்கின்றன.

பதில்: இரண்டும் எதிர்க்கட்டத்தில் இணைந்திருக்கின்றன. ஒன்றின் அலை மேலே போகையில் மற்றதன் அலை கீழே போகிறது. தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள், தீர்ந்தது. பிக்கப்புக்கு உலோக மூடி இருந்து அது தரைக்கம்பியோடு இணைந்திருந்தால் மட்டும் முதலில் அந்த இணைப்பைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மதிப்புகள்: வால்யூமுக்கும் டோனுக்கும் 250 கே (கிலோ ஓம்) ஆடியோ வகை பொட்டென்ஷியோமீட்டர், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இவை பாசிவ் (பேட்டரி இல்லாத) ஒற்றைச்சுருள் பிக்கப்புகளுக்கானவை. ஹம்பக்கருக்கு (இரட்டைச்சுருள் பிக்கப்) 500 கே, ஆக்டிவ் (பேட்டரியில் இயங்கும்) பிக்கப்புகளுக்கு 25 கே.

கேள்வி: கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது. தொடாதபோது விர்ரென்கிறது. எங்கே பிழை?

பதில்: தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் தரைக்கம்பி வேலை செய்கிறது. போதாமல் இருப்பது மின்மறைப்புத்தான். பிக்கப் குழிகளிலும் கட்டுப்பாட்டுக் குழியிலும், மூடியின் உட்புறத்திலும் செம்புத் தாள் ஒட்டுங்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 5 மி.மீ. ஏறி நிற்கட்டும், இணைப்புகளில் ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். மல்டிமீட்டரில் எந்த இரு மூலைகளுக்கு இடையிலும் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஜாக்கின் முனைத்தகடு பிளக்கைச் செருகும்போது விரிந்து செம்பைத் தொட்டால் ஒலியே வராது. அந்த இடத்தில் மின்காப்பு நாடா ஒட்டிவிடுங்கள்.

தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் கதை வேறு. ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன.

கேள்வி: எண்ணெய்ப் பூச்சு போதுமா, லாக்கர் அடிக்க வேண்டுமா?

பதில்: ஸ்பிரே வசதி இல்லாத வீட்டில் எண்ணெய்தான் நல்லது. 120, 180, 240, 320 என்று வரிசை தவறாமல் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, எழும்பும் இழைமுடியை மறுபடி 320-ஆல் நீக்குங்கள். மெல்லிய பூச்சாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. ஐந்தாறு பூச்சுக்கு மேல் வேண்டியதில்லை. மகோகனி, ஆஷ் போன்ற திறந்த துளை மரங்கள் கண்ணாடிபோல் மின்ன வேண்டுமென்றால் முதலில் துளையை அடைக்கும் பூச்சு போட வேண்டும்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தரையில் விரித்துக் காயவையுங்கள், அல்லது நீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. G கம்பியில் 6-ஆம் ஃபிரெட்டில் மட்டும் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுகிறது. ஃபிரெட்டும் உயரமாக இல்லை.

பதில்: அது கழுத்தின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு பொருந்தி அதன் ஆற்றலை விழுங்குவதால் வருவது. பெரிய நிறுவனங்களின் பாஸ்களிலும் G கம்பியில் 5 முதல் 7-ஆம் ஃபிரெட் வரை இது பரவலாக உண்டு.

முதலில் வேறு காரணங்களை விலக்குங்கள். கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலைத் தொடும் ஃபிரெட்டிலும் அழுத்தி, 8-ஆவதின் மேல் இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுநாள் மீண்டும் அளங்கள். 12-ஆவதில் E 2.5, G 2.0 மி.மீ. உயரம் நல்ல தொடக்கம். கழுத்துத் திருகுகள் இறுக்கமா என்றும் பாருங்கள்.

அதன் பிறகும் இருந்தால் தலைப்பகுதியில் ஒரு சிறு கிளாம்பை மாட்டி வாசித்துப் பாருங்கள். எடை கூடினால் கழுத்தின் அதிர்வெண் இறங்கும், அடங்கும் இடம் 6-ஆவதிலிருந்து 5-ஆவதுக்கோ இரண்டு சுரங்களுக்கு நடுவிலோ நகரும். நகர்ந்த இடம் உங்கள் வாசிப்புக்கு இடைஞ்சலில்லை என்றால் அதே எடையுள்ள தகட்டைத் தலைப்பகுதியின் பின்புறம் நிலையாகத் திருகிவிடலாம். அடுத்த கழுத்தில், டிரஸ் ராடின் இருபுறமும் கார்பன் இழைக் கம்பிகளைப் பதித்துவிடுங்கள். அவை கழுத்தை விறைப்பாக்கி அந்த அதிர்வெண்ணை மேலே தள்ளும். ஒட்ட எபாக்சிதான் வேண்டும், மரப்பசை கார்பனைப் பிடிக்காது.